ஒரே வாசல்

இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத திறப்புகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இவற்றை இலைத்துளை என்கிறது. இலங்கைப் பாடப்புத்தகத்தில் இவை இலைவாய். கிரேக்க மூலச்சொல்லுக்கு வாய் என்றுதான் அர்த்தம். இலங்கைக்காரர்கள் மூலத்துக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். இத்திறப்புகள் வழியே நீர் ஆவியாவதை நாம் நீராவிப்போக்கு என்கிறோம், அவர்கள் ஆவியுயிர்ப்பு என்கிறார்கள். கலைச்சொல் விவகாரம் என்று இதை ஒதுக்க மனம் வரவில்லை. துளை என்றதும் ஒழுகும் பாத்திரம் நினைவுக்கு வருகிறது. போக்கு என்பதில் நஷ்டக் கணக்கு தொனிக்கிறது. வாய் என்றால் பசி, உயிர்ப்பு என்றால் மூச்சு. ஒரே உறுப்பைப் பற்றிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த தமிழர்கள் இரண்டு தீர்ப்புகள் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சரி. இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பதுதான் இலையின் பிரச்னை.

நான் இதை ஆரணியிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு: பட்டுச்சேலை, அரிசி. இரண்டுமே இலைத்துளை வழியாக உலகத்துக்குள் வந்தவை. அரிசியின் மாவு முன்பு காற்றில் கரியமில வாயுவாக இருந்தது. பட்டு கொஞ்சம் சுற்றுவழியில் வருகிறது. முசுக்கொட்டை இலை (மல்பெரி என்றால்தான் இன்று பலருக்குத் தெரியும்), அதைத் தின்னும் புழு, புழு விடும் நூல். பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஈரம் இலையில் இருந்தாக வேண்டும். பறித்த இலையை ஈரச்சாக்கு போர்த்தி வைப்பது இதனால்தான். ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டுத் தறிகளுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது; செடியைப் பார்க்காமலேயே ஒருவன் ஆயுள் முழுக்கப் பட்டு நெய்துவிடலாம். கமண்டல நாகநதியோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கிறது. நீர் போவதைப் பற்றி யோசிக்க இந்த ஊர் பொருத்தமான இடம்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடலாம். முசுக்கொட்டை இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து, சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அச்சு தெரியும். அவரை விதை போன்ற இரண்டு செல்கள் எதிரெதிரே வளைந்து நிற்கும். இடையில் ஒரு கீறல். முழுக்கத் திறந்த நிலையிலும் அந்தக் கீறலுக்குள் புழு விட்ட ஒற்றைப் பட்டிழை நுழையாது. நெல்லில் அதே உறுப்புக்கு உடற்பயிற்சிக்காரர்களின் கர்லா போல, நடு ஒடுங்கி இரு முனையும் பருத்த உருவம். உருவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். செல்லுக்குள் பொட்டாசியம் ஏறுகிறது, பின்னாலேயே நீர் ஏறுகிறது, செல் விம்முகிறது. அதன் சுவர் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி விரியாத கட்டுமானம் உடையதாகையால், விம்மும் செல்கள் வெளிப்பக்கம் வளைகின்றன, கீறல் அகல்கிறது. நீர் இறங்கினால் செல்கள் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். இதில் பொட்டாசியத்தின் பங்கை ஜப்பானில் இமாமுரா 1943இலேயே கண்டு எழுதினார். மேற்கத்தியர்கள் அதைச் சரியாகக் கவனித்தது 1960களின் கடைசியில். இம்மாதிரி தாமதம் நம் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான்.

கவனிக்க வேண்டியது, திறந்திருப்பதற்குத்தான் உழைப்பு தேவைப்படுகிறது. உப்பை உள்ளே இழுத்து, அழுத்தத்தைத் தாங்கி நின்றால்தான் வாசல் திறந்திருக்கும். கையை விட்டால் மூடிக்கொள்ளும். நாம் வழக்கமாக நினைத்துக்கொள்வது இதற்கு நேர்மாறு. பூட்டுப் போடுவதைப் பிரயத்தனம் என்றும், திறந்து கிடப்பதை இயல்பு என்றும் எண்ணுகிறோம்.

வாசல் ஏன் திறக்க வேண்டும்? சாப்பிட. கரியமில வாயு காற்றில் மிகக் குறைவு. இன்று பத்தாயிரம் பங்கில் நாலு பங்குக்குச் சற்று மேல். இலைக்குள் இருக்கும் காற்றோ நீராவியால் நிறைந்தது. வெளியே சித்திரை வெயிலின் உலர்ந்த காற்று. உள்ளே வர வேண்டியதைத் தள்ளுவது சின்ன வித்தியாசம். வெளியே போவதைத் தள்ளுவது மிகப் பெரிய வித்தியாசம். போதாதற்கு நீர் மூலக்கூறு இலேசானது, கரியமில வாயுவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாகப் பரவுகிறது. ஆகவே நெல் மாதிரியான செடி ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சம்பாதிக்கச் சில நூறு நீர் மூலக்கூறுகளைக் கொடுக்கிறது. வேர் இழுத்த நீரில் செடியின் உடம்பில் தங்குவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. மிச்சமெல்லாம் கீறல் வழியே போய்விடுகிறது.

இதை முதலில் தராசில் நிறுத்துப் பார்த்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். தொட்டியில் வளர்த்த ஒரு சூரியகாந்தியைத் தினம் காலையும் மாலையும் எடை போட்டார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் சராசரி 20 அவுன்ஸ் போயிருந்தது. பருமனுக்குப் பருமன் பார்த்தால் செடி மனிதனைவிட 17 மடங்கு நீரைக் கடத்துகிறது என்று கணக்கிட்டு 1727இல் புத்தகமாக்கினார். பிற்காலத்தில் தாவரவியலார் சிலர் நீராவிப்போக்கைத் தவிர்க்க முடியாத தீமை என்று வர்ணித்தார்கள். தீமை என்பது மிகை. அந்த நீர்தான் வெயிலில் இலையைக் குளிர்விக்கிறது. வேரிலிருந்து உச்சிவரை உப்புகள் ஏறுவதும் அதன் இழுப்பால். நிலப்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் நீராவியில் பாதிக்கு மேல் செடிகள் விட்டதுதான்.

இன்னொரு விசித்திரம். ஓர் இலையின் துளைகளையெல்லாம் சேர்த்தாலும் அதன் பரப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வரும். ஆனால் அந்த இலை விடும் நீராவி, அதே அளவு ஈரத்துணி விடுவதில் பாதியைக்கூட எட்டக்கூடும். எப்படி என்று 1900இல் பிரௌனும் எஸ்கோம்பும் விளக்கினார்கள். சின்னத் துளை வழியே வாயு பரவுவது துளையின் பரப்பைப் பொறுத்ததல்ல, விட்டத்தைப் பொறுத்தது. ஓரங்களில் வளைந்து வளைந்து அது வெளியேறுகிறது. ஒரு பெரிய ஓட்டையைவிட, அதே மொத்தப் பரப்புள்ள ஆயிரம் சிறு துளைகள் மிக அதிகமாகக் கடத்தும். முந்நூறு பிரதி அச்சிடும் பத்திரிகைக்காரர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம், நான் தடுக்கப்போவதில்லை. நிபந்தனை ஒன்று உண்டு. துளைகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். நெருங்கி நின்றால் ஒன்றின் காற்றை மற்றொன்று பறித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வேறோர் அறை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. கூடத்து மண்தரையில் வெட்டிய குழியில் அப்பா காலை இறக்கி உட்கார்ந்து மிதிப்பார். குழியிலிருந்து வரும் மண்ணின் குளிர்ச்சி பாவுக்கு நல்லது என்பார்கள். பட்டிழை உலர்ந்தால் விறைத்துவிடும். அச்சில் உரசி அறும். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதில் அரைநாள் போய்விடும். அதனால் கோடையிலும், ஆனி ஆடி மேல்காற்றிலும் ஜன்னல் மூடியே இருக்கும். தரையில் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டிருப்போம். அப்பாவுக்கு இளைப்பு உண்டு. ஜன்னலுக்குக் கீழே அவர் மூச்சு தனியாகக் கேட்கும். மூலையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள். எனக்கோ புஸ்தகம் படிக்க வெளிச்சம் வேண்டும். ஒருநாள் எழுந்துபோய்க் கொக்கியைக் கழற்றினேன்.

"மூடுடா. தொறந்தா எனக்கு ஆவும், பாவுக்கு ஆவாது" என்றார் அப்பா.

இதில் தியாகம் ஏதும் இருந்ததாக அவர் நினைக்கவில்லை. அது ஒரு தகவல். எனக்கும் பாவுக்கும் இருப்பது ஒரே ஜன்னல், அவ்வளவுதான்.

பட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவு இலையின் உறவைவிடப் பரிதாபமானது. பட்டு நூலுக்குக் கதவே கிடையாது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். எடையில் கால் பங்குக்கு மேல் ஈரம் ஏறியும் கைக்கு நனைந்ததாகவே தெரியாது. இது வியாபாரத்தில் பெரிய தகராறு. பிரான்சின் லியோன் நகரத்தில் பட்டின் ஈரத்தைச் சோதிப்பதற்கென்றே 1805இல் ஒரு நிலையம் வைத்தார்கள். உலர்ந்த எடையோடு நூற்றுக்குப் பதினொன்று ஈரத்துக்காகச் சேர்த்துக்கொள்வது என்பது இன்றும் பட்டு வியாபாரத்தின் வழக்கு. எங்கள் தெருவுக்கு லியோன் தெரியாது. நூலை நிறுத்துக் கொடுப்பார்கள், சேலையை நிறுத்து வாங்குவார்கள். மழைக்காலத்தில் வாங்கிய நூல் பங்குனியில் சேலையாகப் போகும்போது தராசு என்ன சொல்லும் என்பது தறிக்காரனின் கவலை.

ஒரு காலத்தில் இலையாக இருந்து, நீரை விடவா வேண்டாமா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் நிதானித்துக்கொண்டிருந்த பொருள், நூலான பிறகு அந்தச் சக்தியை இழந்துவிடுகிறது. அந்த வேலையை நெய்கிறவன் ஏற்றுக்கொள்கிறான். காப்புச் செல் செய்ததை ஈரச்சாக்கும் ஜன்னல் கொக்கியும் செய்கின்றன.

நமது கவிதைகளில் ஜன்னல் நிறைய வருகிறது. திறந்தால் விடுதலை, மூடினால் சிறை. இந்தச் சமன்பாட்டை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. திறப்பது பற்றி எழுதுகிறவர்கள் உள்ளே தறி இல்லாத அறைகளிலிருந்து எழுதுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டுத் தறியை 1994இல் கழற்றினோம். குழியை மண்போட்டு மூடி சிமெண்ட் பூசினோம். அதற்கப்புறம் அந்த ஜன்னல் இரவு பகலாகத் திறந்தே இருந்தது. காற்று வந்தது. அப்பா சற்றுச் சுலபமாக மூச்சு விட்டார். ஆனால் திறந்தே கிடக்கும் அந்த ஜன்னல், அறைக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அடையாளமாகத்தான் எனக்குத் தெரிந்தது. மூடியிருப்பதைப் போற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடிய இலை பட்டினி கிடக்கிறது. பட்டினி நீடித்தால் சாவு. விடாயால் வரும் சாவைவிட அது மெதுவானது, வேறு வித்தியாசமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? செடிகளுக்கு இந்தக் கேள்வி 40 கோடி வருஷப் பழசு. அவை கண்ட பதில்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை.

ஒரு பதிலைப் பற்றிய ஆரம்பக் குறிப்பு மதராஸ் ராஜதானியோடு சம்பந்தப்பட்டது. பெஞ்சமின் ஹெய்னே தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கம்பெனியின் தாவரவியலாளரானவர். 1819இல் மதராஸில் இறந்தார். ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் பக்கத்தில் சொல்கிற செடி அது. காலையில் கடும் புளிப்பு, மதியம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813இல் ஒரு கடிதமாக லண்டனில் இருந்த நண்பருக்கு எழுதினார். 1815இல் அது அச்சானது. காரணம் முழுதாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இந்தச் செடி பகலில் வாசலை மூடிவிடுகிறது. இரவில், காற்று குளிர்ந்து ஈரம் கூடிய பிறகு, திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் வாசலை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்தை உடைத்து, உள்ளேயே சமையல். காலைப் புளிப்பு என்பது முந்தின இரவின் சம்பாத்தியம். ஆரணி வேலிகளில் ஏறும் பிரண்டையின் தண்டும், சப்பாத்திக்கள்ளியும் கற்றாழையும் இந்த வழிதான். நீர்ச் செலவு பல மடங்கு குறைகிறது. சேமித்துவைக்க இடம் குறைவாகையால் வளர்ச்சி பெரும்பாலும் மெதுவாகத்தான் நடக்கும். கேழ்வரகும் சோளமும் வேறு உபாயம் கண்டன. கரியமில வாயுவை உள்ளே செறிவாக்கும் ஏற்பாடு இருப்பதால் வாசலைக் குறைவாகத் திறந்தாலே போதும். நெல் கொடுப்பதில் ஏறக்குறையப் பாதி நீரைக் கொடுத்து அதே சம்பாத்தியம் செய்துவிடும்.

நெல்லுக்கும் முசுக்கொட்டைக்கும் இந்த வசதிகள் இல்லை. பகலில்தான் திறக்க வேண்டும். ஆனால் பகல் முழுதும் ஒரே பகல் இல்லையே. காலை எட்டு மணிக் காற்றில் ஒரு பங்கு உணவுக்குக் கொடுக்கும் நீரைவிட மதியம் இரண்டு மணிக்குக் கொடுப்பது வெகு அதிகம். ஆஸ்திரேலியாவில் கொவனும் ஃபார்க்குவாரும் 1977இல் இதைக் கணிதமாக்கினார்கள். குறிப்பிட்ட அளவு நீரை வைத்துக்கொண்டு ஒரு நாளில் அதிகபட்சம் சம்பாதிக்க வேண்டுமானால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பிடிக்கும் கூடுதலாகப் போகும் நீர் நாள் முழுக்க ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அதன்படி, உலர்ந்து கொதிக்கும் நாளில் காலையில் திறந்து, உச்சிவேளையில் சுருக்கி, பிற்பகலில் மறுபடி திறப்பதே உத்தமம். பல செடிகள் அப்படியே செய்கின்றன. நெசவாளர் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுப் பதப்படுத்துவது விடியற்காலையில். வெயில் ஏறினால் பாவு பதம் தப்பிவிடும். அம்மாவும் ஜன்னலை விடியுமுன் பெருக்கும்போது அரைமணி, விளக்கு வைக்கும் நேரத்தில் அரைமணி திறந்துவைப்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

வேர் பாதி உலர்ந்த மண்ணிலும் பாதி ஈரமண்ணிலும் இருக்கும்படி செடியை வைத்துப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். இலைக்கு நீர் குறையவில்லை. ஆனாலும் துளைகள் ஒடுங்கின. உலர்ந்த பாதியிலிருந்து ஏதோ ரசாயனச் செய்தி மேலே வந்திருக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இலையும் அதைத் தானே தயாரிக்கக்கூடியது. எப்படியானாலும் தாகம் வந்த பிறகு மூடுவதில்லை. வரப்போவதை எதிர்பார்த்து மூடுகிறது.

எதிர்பார்ப்பு இன்னும் நீளமான கால அளவிலும் உண்டு. வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் ஒட்டிப் பாதுகாத்துவைத்திருந்த உலர்ந்த இலைகளை எடுத்து, இருநூறு வருஷத்தில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை 1987இல் வெளியிட்டார். தொழிற்சாலைகளுக்கு முந்திய காற்றில் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உணவு அதிகமாகக் கிடைக்கிற காற்றில், அம்மர இலைகள் முளைக்கும்போதே வாசல்களைக் குறைத்துக்கொண்டு முளைத்தன. எல்லாச் செடிகளும் ஒரே அளவில் இப்படிச் செய்வதில்லை. செய்கிறவற்றில், நாம் எரித்த கரியின் கணக்கு ஒவ்வோர் இலையின் முதுகிலும் இருக்கிறது. வாசல் குறைந்தால் நீர் மிச்சம் என்று சந்தோஷப்படலாம். ஆனால் நீர் குறைவாகப் போனால் இலை குளிர்வதும் குறைகிறது, வெப்பமோ ஏறிக்கொண்டிருக்கிறது. அதே வாசல், அதே பிரச்னை, வேறு தொகை.

இலையிடமிருந்து நாம் என்ன கற்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால் எனக்குப் பதிலில்லை. இலை உபதேசம் செய்வதற்காக இல்லை. உவமையாக ஆவதற்காகவும் இல்லை. எழுதுகிறவர்கள் அதை ஒரு சொல்லாக எடுத்து ஆளும்முன், அதன் முதுகில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கலாம் என்பதே என் எண்ணம். பார்த்திருந்தால், வருவதும் போவதும் ஒரே வாசலில் என்ற சாதாரண விஷயம், 'திற' என்றோ 'மூடு' என்றோ ஒற்றைச் சொல்லில் முடியும் நம் அறைகூவல்களைக் கொஞ்சம் தயங்கவைத்திருக்கும். என் அப்பாவின் வாக்கியத்தில் அந்தத் தயக்கம் இருந்தது. எனக்கு ஆவும், பாவுக்கு ஆவாது. இரண்டு பாதியையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த மூச்சும் அவருக்குச் சிரமப்பட்டுத்தான் வந்தது.

கடைசியாக ஒரு தகவல். இலை ஏகமனதாக முடிவெடுக்கும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அப்படியில்லை. நீர் தட்டுப்படும்போது ஒரே இலையில் ஒரு திட்டுத் துளைகள் மூடியிருக்க, நரம்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு திட்டு திறந்திருக்கும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நிலைமை மாறியிருக்கலாம். உத்தரவிட மையமான இடம் ஏதும் இலையில் இல்லை. சித்திரை மதியத்தில் ஒரு முசுக்கொட்டை இலையைத் திருப்பிப் பார்த்தால் வெறும் வெளிர்பச்சைதான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான வாசல்கள் அங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.